துவக்குக் கடை மூடிய பிறகு: மலையகத்தில் பயிர் காக்கும் துப்பாக்கி பற்றிய ஆரம்ப விளக்கம்

இலங்கையில் பொதுமகன் ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க முக்கியமாக இரண்டு காரணங்கள் ஏற்கப்படுகின்றன. ஒன்று தற்பாதுகாப்பு, மற்றது பயிர்ப் பாதுகாப்பு. குறிசூட்டு விளையாட்டு தனி. தற்பாதுகாப்பு என்று விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் நகரத்தவர். பயிர்ப் பாதுகாப்பு என்று கேட்பவர்கள் காட்டோரத்தில் கிழங்கும் மரக்கறியும் போடுகிறவர்கள். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான்: 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். 1996 இல் வந்த திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. தாத்தா வைத்திருந்த துவக்கு வீட்டு மூலையில் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியாதவருக்காகவும், பன்றித் தொல்லை தாங்காமல் துவக்கு எடுக்கலாமா என்று யோசிப்பவருக்காகவும், நகரத்திலிருந்து "விவசாயிக்கு எதற்குத் துப்பாக்கி?" என்று கேட்பவருக்காகவும் எழுதப்படுகிறது. நகரத்துத் துவக்குக் கடைகள் மறைந்தபோது அவற்றோடு இருந்த அறிவும் சோதனையும் சேர்ந்தே போய்விட்டன. பன்றி போகவில்லை. அந்த இடைவெளியைச் சுருக்குக் கம்பியும், ஆளில்லாமல் தானே வெடிக்கும்படி தடத்தில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் நிரப்பியிருக்கின்றன. அதனால் சாவது பன்றி மட்டுமென்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை.

கடை செய்த வேலை

துவக்குக் கடை என்றால் துவக்கு விற்கும் இடம் என்று நினைப்போம். விற்பனை அதன் வேலைகளில் சிறியது. ஒருவர் வாழ்நாளில் ஒரு துவக்கு வாங்குவார். கடைக்கு அவர் திரும்பத் திரும்ப வருவது மற்றக் காரணங்களுக்காக. தோட்டா வாங்க வருவார். கடைக்காரர் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, அந்தத் துவக்கின் அறைக்கு, அதாவது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்கு, எந்த நீளத் தோட்டா பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பார். குதிரை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தி, தளர்ந்தால், விசை இறுகினால், பின்கட்டை வெடித்தால் திருத்தக் கொண்டுவருவார். வெளிநாடு போகும்போது பாதுகாப்பில் வைத்துவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய துவக்கொன்றைக் கையில் வாங்கியதும் "இதை இனிச் சுடாதீர்கள்" என்று சொல்லக்கூடிய ஒரு கண் அங்கே இருந்தது. சட்டப்படி விற்பதற்கும் திருத்துவதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். ஆகவே அந்தக் கண் அரசுக்கும் பதில் சொல்ல வேண்டிய கண்.

மலைநாட்டுக்கு இந்தக் கைவினை புதிதுமல்ல. கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே மெச்சியிருக்கிறார்கள். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோய், 2023 இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த ஆறு பொருட்களில் லெவ்கே பீரங்கியோடு, மகா துவக்கு எனப்படும் பெரிய சுவர்த் துப்பாக்கிகள் இரண்டும் இருக்கின்றன. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்கள் அவற்றின் வேலைப்பாட்டைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

ஏன் மூடின

முதலாவது, வாங்குபவர்கள் போய்விட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலையகத்துத் துவக்கு வியாபாரம் தோட்டத்துரைமாரை நம்பியிருந்தது. நுவரெலியாவைச் சுற்றி யானையும் மரையும் சுட்டுத் தீர்த்த காலம் அது. சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் அதை வீரமென்றே நினைத்து வாழ்ந்தார்கள். 1937 இன் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. ஹோட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு வெள்ளைக்காரத் துரைமாரின் காலம் முடிந்தது. வேட்டைக்காக வாங்கிய கூட்டம் இல்லாமல் போக, பயிருக்காக வாங்குகிறவர் மட்டும் மிஞ்சினார். ஒரு ஒற்றைக்குழல் துவக்கை முப்பது வருடம் வைத்திருப்பவரை நம்பி நகரத்தின் பிரதான வீதியில் வாடகை கட்ட முடியாது.

இரண்டாவது, அச்சம். 1971 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சியில் கிளர்ச்சியாளர் கையில் இருந்தவை பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளுமே. 1987 முதல் 1989 வரை, அவர்களின் இரண்டாவது கிளர்ச்சியில், வீடு வீடாகத் துவக்குப் பறிப்பு நடந்தது. அதன் பிறகு பொதுமகன் கையிலிருக்கும் எந்தத் துவக்கும் நாளை யாருடைய கைக்குப் போகும் என்ற கேள்வி அரசை விட்டு அகலவில்லை. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதிலை எல்லோரும் ஒரே அளவில் சுமக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் இறுதி அடி. துப்பாக்கி, தோட்டா, வணிக வெடிபொருள் ஆகியவற்றைத் தருவித்து வழங்கும் பொறுப்பு கடற்படையின் கீழுள்ள ஒரு பிரிவிடம் போனது. அது கொழும்புக்கு வடக்கே வெலிசறையில் இயங்குகிறது. தருவிப்பு ஒரு கையில் குவிந்தால் தனியார் கடைக்கு விற்கச் சரக்கு இல்லை. 2024 இறுதியில் தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டதும் இதே போக்கின் தொடர்ச்சி.

நகரத்துக் கடை மூடுவது உலகம் முழுக்க நடக்கிறது. பேர்மிங்ஹாமின் துப்பாக்கி வட்டாரத்தில் பெரும்பகுதி 1960களில் சுற்றுவீதிக்காக இடிபட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கடைசித் துப்பாக்கிக் கடை 2015 இல் மூடியது. நியூயோர்க்கில் 1911 முதல் இருந்த ஜோன் ஜோவினோ கடை 2020 இல் கதவடைத்தது. காரணங்களும் ஓரளவு ஒன்றே: ஏறிய வாடகை, கூடிய சட்டம், துவக்கைப் பயன்படுத்தாத அயலவர். வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நகரத்துக் கடை போனால் நெடுஞ்சாலையோரத்தில் பெரிய கடை இருக்கும். கிராமத்தவர் அங்கே காரில் போவார். இங்கே அந்த இரண்டாவது கடை ஒருநாளும் வரவில்லை.

நகரம், கிராமம், தோட்டம்

நகரம் எதிர் கிராமம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் மலையகம் விளங்காது. இலங்கையின் குடிசன மதிப்பீடே மூன்றாகத்தான் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம் (தேயிலை போன்ற பெருந்தோட்டம்). 2012 கணக்கின்படி நாட்டு மக்களில் தோட்டத் துறையினர் 4.4 சதவீதம். நுவரெலியா மாவட்டத்திலோ அவர்கள் பாதிக்கு மேல்.

இதற்கும் துவக்குக்கும் என்ன தொடர்பு? பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது காணிக்கான ஆதாரத்தை. வெலிமடையில் சொந்த வயலும் தோட்டமும் உள்ள கிராமத்து விவசாயி காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டுவார். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால், தேயிலை மலைக்கும் ஓடைக்கும் நடுவில், கம்பனிக் காணியில் கோவாவும் லீக்ஸும் மரவள்ளியும் போட்டிருக்கும் தொழிலாளி எதைக் காட்டுவார்? அவர் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய மண்ணுக்குக் கடதாசி இல்லை. புதிய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் கிடைத்த 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் முற்றமும் போக மிஞ்சுவதற்குத் துவக்கு யாரும் தரமாட்டார்கள்.

ஆக, நகரத்தவர் துப்பாக்கியை ஆபத்தாகப் பார்க்கிறார். கிராமத்தவர் கருவியாகப் பார்க்கிறார். தோட்டத்தவருக்கு அது எட்டாத பொருள். பன்றி மட்டும் மூவரில் கடைசி இருவரையும் சமமாக நடத்துகிறது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கு, மந்தி, மரஅணில், மயில் எண்ணும்படி அரசு கேட்டபோது சமூக ஊடகங்களில் அது கேலிப் பொருளாயிற்று. அந்தக் கேலியில் நகரத்தின் தூரம் தெரிந்தது. போஞ்சிப் பந்தலைக் குரங்குக் கூட்டம் அரை மணி நேரத்தில் பிய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

துவக்கு: தெரிந்திருக்க வேண்டியவை

பயிர்ப் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் கிடைப்பது 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துவக்கு. 12 என்பது மில்லிமீற்றரோ அங்குலமோ அல்ல. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதனால்தான் 16 போர் இதைவிடச் சிறியது, 20 போர் அதைவிடவும் சிறியது.

பழைய துவக்கு கைக்கு வந்தால், அனுமதி விடயம் சீராக இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, இந்த ஒழுங்கில் பாருங்கள். திறந்து, அறை இரண்டும் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துங்கள். பிறகு குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். கண்ணாடிபோல் தெரிய வேண்டும். கரும்புள்ளி இருந்தால் துரு அரித்த பள்ளம். உள்ளே வளையம்போல் நிழல் தெரிந்தால் குழல் நசுங்கியோ உப்பியோ இருக்கிறது, அதைச் சுடக்கூடாது. அடைப்பு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மண்கூடு கட்டும் குளவிக்குத் துவக்குக் குழலைப்போல வசதியான இடம் கிடையாது. சில நாட்களிலேயே உள்ளே மண் அறை கட்டிவிடும். வாய்ப்பக்கம் சேறோ மண்ணோ அடைத்த குழலைச் சுட்டால் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக்குண்டுகள்) வெளியேறுமுன் அழுத்தம் குழலைக் கிழிக்கும்; முன்னால் குழலைத் தாங்கியிருக்கும் கையின் விரல்கள் போகும்.

அடுத்து மூடிப் பாருங்கள். மூடிய நிலையில் குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையே ஆட்டம் இருந்தால், அல்லது மெல்லிய தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால், பூட்டு தேய்ந்துவிட்டது. கூரையில் விட்ட விரிசலைப்போல அது தானாகச் சரியாகாது, ஒவ்வொரு வெடியிலும் பெருகும்.

பிறகு அடிப்பக்க முத்திரைகள். இங்குள்ள பழைய துவக்குகளில் ஆங்கிலேயத் தயாரிப்புகள் உண்டு. 1954 க்குப் பின் பேர்மிங்ஹாமில் சோதித்த குழலில் கிரீடத்தின் கீழ் பிஎன்பி என்ற எழுத்துகள் இருக்கும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். குழலின் மேற்பரப்பில் மரவரிபோல் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது இரும்புப் பட்டிகளை முறுக்கிக் காய்ச்சி அடித்த பழைய டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்துக்குரியது. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

அறையின் நீளம் அடுத்தது. இன்றைய வழக்கமான 12 போர் தோட்டா 70 மில்லிமீற்றர். பழைய துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இந்த அளவு, சுட்ட பிறகு தோட்டாவின் முன்முனை மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும்; 65 அறைக்குள்ளும் தடையில்லாமல் போய் உட்காரும். அதுதான் ஆபத்து. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் நெரிய, அழுத்தம் ஏறும். தோட்டா உள்ளே போகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று ஆகாது. துவக்குக் கடைக்காரர் அளவுக்கோல் விட்டு அளந்து கொடுத்தது இதற்காகத்தான்.

இன்னொரு கலப்பும் உயிரை எடுக்கும். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழலுக்குள் விழுந்தால் அறையைத் தாண்டிச் சென்று நடுவில் சிக்கும். பின்பக்கம் பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன்மேல் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதைத் தடுக்கவே. சட்டைப் பையில் இரண்டு அளவுத் தோட்டா ஒருபோதும் சேர்ந்திருக்கக் கூடாது.

ரவையின் அளவு மலைச்சரிவில் மிக முக்கியம். ஆங்கிலேய அளவில் எஸ்ஜி ரவை ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர், ஒரு அவுன்சுக்கு எட்டு. 4 ஆம் இலக்கம் 3.1 மில்லிமீற்றர், 6 ஆம் இலக்கம் 2.6 மில்லிமீற்றர். குறி வைத்துப் பயன்படும் தூரம் எதுவானாலும் 35 முதல் 40 மீற்றர்தான். ஆனால் பறந்துபோய் விழக்கூடிய தூரம் வேறு. 6 ஆம் இலக்கம் சுமார் 200 மீற்றர், 4 ஆம் இலக்கம் சுமார் 250, எஸ்ஜி 650 மீற்றர்வரை. இனி ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேலே காட்டுத்துண்டு, நடுவில் மரக்கறிப் பாத்தி, கீழே 300 மீற்றரில் லயம், எதிர்ச் சரிவில் கோயிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதையும். சமவெளியில் வயலுக்கு அப்பால் வெறும் வயல் இருக்கும். இங்கே அப்பால் எப்போதும் வீடு இருக்கும். ஆகவே மலையகத்தில் விதி ஒன்றுதான்: பன்றிக்குப் பின்னால் மண்திட்டு தெரிந்தால் மட்டும் சுடலாம். வானம் தெரிந்தால் இல்லை, பாறை தெரிந்தால் இல்லை, தேயிலைச் செடி தெரிந்தால் நிச்சயமாக இல்லை. இடுப்பளவு தேயிலைக்குள் குனிந்திருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். மூடுபனி இறங்கிவிட்டால் துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பரணில் இருவர் காவல் இருப்பதானால் ஒருவர் கையில் மட்டும் துவக்கு, மற்றவர் கையில் விளக்கு. இருவரும் பரணை விட்டு இறங்குவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இருட்டில் தண்ணீர் குடிக்க இறங்கிய கூட்டாளியின் அசைவும் பன்றியின் அசைவும் ஒன்றுபோலவே இருக்கும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலை மண்திட்டை நோக்கியபடி 30 செக்கன் காத்திருங்கள். ஈரம்பட்ட தோட்டா தாமதித்து வெடிக்கலாம். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டாலும் அடுத்த தோட்டாவைப் போடுமுன் குழலைப் பாருங்கள். தோட்டாவுக்குள் மருந்தையும் ரவையையும் பிரிக்கும் அடைப்புத் தக்கை உள்ளே நின்றிருக்கலாம்.

ஈரம் மலையகத்துத் துவக்கின் முதல் எதிரி. உறைக்குள் போட்டு மூலையில் சாத்தினால் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் செந்துரு படியும். துடைத்து, உறையில்லாமல், பூட்டிய அலுமாரியில், குழல்வாய் கீழ்நோக்க வைத்தால் எண்ணெய் பின்கட்டை மரத்துக்குள் இறங்காது. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய்போல் மெல்லியது. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். கொழும்பில் அது பிரச்சினையில்லை. நுவரெலியாக் குளிரில் குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே அது மெழுகாகி நிற்கும். அடி மெலிந்து தோட்டா வெடிக்காமல் போகும்.

அனுமதிப்பத்திரம்

பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு வழி மாவட்டச் செயலகம், அதாவது கச்சேரி. காணி ஆவணம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தின் பரிந்துரை, பொலிஸ் அறிக்கை ஆகியவை சேர வேண்டும். பயிர்ச்சேதத்தைக் கமநல சேவை நிலையத்தில் அவ்வப்போது எழுத்தில் பதிந்து வைத்திருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம். சேதம் நடந்து ஒரு வருடம் கழித்துச் சொல்வதற்கும், திகதியும் பாத்தி அளவும் படமும் வைத்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அனுமதி கிடைக்குமுன் யாரிடமும் துவக்கு வாங்கி வைத்துவிடாதீர்கள். அந்த நாளிலிருந்தே குற்றம்.

அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடியும். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை புதுப்பிக்கும் காலம். மரக்கறிப் போகத்தின் அவசரத்தில் இதைத் தவறவிடுவது வழக்கம். ஜனவரி பிறந்ததும் அந்தத் துவக்கு சட்டவிரோதமானது. உரிமையாளர் இறந்தால் துவக்கு பிள்ளைக்குத் தானாக வந்து சேராது. பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, பிறகு உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். மூலையில் கிடக்கும் தாத்தாவின் துவக்குக்கு முதல் வேலை இதுதான். துடைப்பது பிறகு.

எதைச் சுடலாம் என்பதும் அனுமதிப்பத்திரத்தோடு முடிவதில்லை. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கல்ல. மரை பயிரைத் தின்றாலும் பாதுகாக்கப்பட்டது, மந்தியும் அப்படியே, சிறுத்தை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒதுக்கக் காட்டுக்குள் காலை வைத்தால் பன்றிக்கும் இதே பாதுகாப்பு.

இடைவெளியில் வந்தவை

துவக்கு எட்டாதவர் என்ன செய்கிறார்? மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளைச் சுருக்காகக் கட்டிப் பன்றித் தடத்தில் வைக்கிறார். செலவு சில நூறு ரூபாய்; அனுமதி கேட்பதில்லை, சத்தமும் இல்லை. ஆனால் கம்பிக்குக் கண் கிடையாது. தேயிலை மலையின் வேலியோரத் தடத்தில் பன்றி போகும் அதே வழியில்தான் சிறுத்தையும் போகிறது. 2020 மே மாதம் மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பக்கத்தில், லக்சபான தோட்டப் பகுதியில், கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 அன்று செத்தது. இலங்கையின் சிறுத்தை வேறெங்கும் இல்லாத துணையினம். மலையகத்தில் மரைக்கன்றையும் கேளையாட்டையும் பன்றிக்குட்டியையும் தின்று அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். சுருக்கு வைப்பவர் தன் பயிரின் காவலாளியையே கொல்கிறார்.

கட்டுத்துவக்கு இன்னும் மோசம். தடத்தில் கட்டிய நூல் தட்டினால் அது வெடிக்கும். அதற்கு விறகு பொறுக்கப் போகும் ஆளும் பன்றியும் ஒன்று. அது முழுக்கச் சட்டவிரோதம். இரையில் வெடிமருந்து வைக்கும் ஹக்கபட்டாஸ் பன்றியைவிட மாட்டையும் நாயையும் வாய் கிழித்துவிட்டுப் போகிறது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதும் கொலைக்குச் சமம். 230 வோல்ட் தொடர்ந்து பாய்வதால் தொட்ட கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது.

துவக்கில்லாமல் பயிரைக் காக்க, சரியான மின்வேலிதான் என் பார்வையில் முதல் தெரிவு. அனுமதியுள்ள துவக்கு வைத்திருப்பவருக்கும் அப்படியே. துவக்கு ஒரு பன்றியை நிறுத்தும், வேலி இரவு முழுக்க நிற்கும். இதில் மின்துடிப்புக் கருவி ஒன்று செக்கனுக்கு ஒரு தடவை அளவில், மிக மிகக் குறுகிய நேரத்துக்கு உயர் அழுத்தம் விடும். அடி சுள்ளென்று விழும், உயிர் போகாது. பன்றிக்குக் கம்பி மூன்று: தரையிலிருந்து 20, 40, 60 சென்ரிமீற்றர். மூக்கால் தட்டித்தான் பன்றி வேலியைச் சோதிக்கும், ஆகவே கீழ்க்கம்பிதான் உயிர்நாடி. சரிவில் தரை பள்ளமாகும் இடங்களில் கீழே இடைவெளி கூடும். அங்கே கூடுதலாக ஒரு முளை அடித்துக் கம்பியைத் தாழ்த்த வேண்டும்.

வேலி வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் காரணம் நிலத்தொடுப்பு. ஒரு மீற்றருக்குக் குறையாத துத்தநாகம் பூசிய கம்பி மூன்றை, 3 மீற்றர் இடைவெளியில், ஈரமுள்ள இடத்தில் அடியுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மண் காய்ந்திருக்கும் நாட்களில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியும் வரலாம். இரண்டாவது காரணம் புல். கம்பியைத் தொடும் ஒவ்வொரு ஈரப்புல்லும் மின்னைத் தரைக்கு இறக்கும். வாரத்துக்கொரு முறை வேலியடியைச் செதுக்குங்கள். சோதனைக் கருவியில் வேலியின் கடைசி முனையில் 3,000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பன்றி அதை மதிக்காது. சூரியத் தகட்டில் ஓட்டுவதானால், மூடுபனி நாட்கள் தொடர்ந்து வரும் என்பதை எண்ணிப் பெரிய பற்றரியாகப் போடுங்கள். கிழங்கு விழுந்த பிறகு வேலி போடாதீர்கள். ஒருமுறை ருசி கண்ட பன்றி அடிவாங்கியும் உள்ளே வரும். நடும்போதே வேலி உயிரோடிருந்தால் மூக்கில் வாங்கிய முதல் அடியோடு பாதையை மாற்றிக்கொள்ளும்.

முள்ளம்பன்றி அடியால் தோண்டி வரும். அதற்குத் தரைக்குள் 30 சென்ரிமீற்றர் புதைத்த வலை வேண்டும். குரங்குக்கு வேலியும் துவக்கும் இரண்டுமே பெரிதாக உதவாது. மரக்கிளைகளை வேலியிலிருந்து விலக்கி வெட்டுவதும், அறுவடை நாட்களில் ஆள் நிற்பதும்தான் கைகொடுக்கும். நான்கைந்து குடும்பம் முறைவைத்து நின்றால் யாருக்கும் தினக்கூலி போகாது.

தோட்டத்தில் சுருக்குக் கம்பி கண்ணில் பட்டால், வெறுமையாக இருந்தால் கழற்றாமல் இடத்தைக் குறித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. சிறுத்தை சிக்கியிருந்தால் நேரம் முக்கியம். கூட்டத்தைக் குறைந்தது நூறு மீற்றர் தள்ளி, சத்தத்தை அடக்குங்கள். ஆட்களைக் கண்டு அது இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே இறங்கும், தசையும் உள்ளுறுப்பும் நசியும். இரக்கப்பட்டு வெட்டி விடாதீர்கள். பாய்ந்தால் உங்களுக்கு ஆபத்து. ஓடிப்போனாலும் உள்காயத்தோடு இரண்டு மூன்று நாளில் எங்கோ சாகும். மயக்க ஊசியோடு மிருக வைத்தியர் வந்து, காயத்தைப் பார்த்த பிறகுதான் அதை விடலாமா என்று சொல்ல முடியும். கம்பியையும் அது கட்டியிருந்த மரத்தையும் அதிகாரிகள் வரும்வரை தொடாமல் விடுங்கள். வழக்குக்கு வேறு சான்று இருக்காது.